தகரக் கூரையும் குளக்கரை வழியும்

போன சித்திரையில் என் மகன் வீட்டு ஏசி நின்றுபோனது. பழுது பார்க்க வந்தவர் பெட்டியைத் திறந்து, வலையைக் கழுவி மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டே மேலே அண்ணாந்து பார்த்தார். "மிஷின்ல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. வீடுதான் வெக்கையப் பிடிச்சு வச்சிருக்கு. மொட்டை மாடிக்கு வெள்ளை அடிங்க. மேற்குச் சன்னலுக்கு மறைப்புப் போடுங்க. மேல நிக்கிற சூடு வெளிய போக ஒரு வழி பண்ணுங்க" என்றார். என் மகன் புதிதாக ஏதோ கேட்டதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், "இதையெல்லாம் எங்க மாமா ஒரு ஊதுபத்திய வச்சே கண்டுபிடிச்சிட்டாவ" என்றேன். வந்தவர் சிரித்தார். மகன், "அம்மா, சும்மா இரு" என்றான்.

நான் சும்மா இருக்கிறவள் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது என்பதற்காக எனக்குத் தெரிந்தது தெரியாமல் போய்விடுமா? ஆகவே இதை எழுதுகிறேன். நிதானமாகத்தான் எழுதுவேன்.

எங்கள் வீடு தென்காசியில், கோவிலுக்கு வடக்கே ஒரு தெருவில் இருந்தது. அப்பாவுக்கு மரக்கடையில் தடி அளக்கிற வேலை. செங்கோட்டைப் பக்கத்திலிருந்து லாரியில் வரும் மரத்தடிகளைச் சுற்றளவு பிடித்துச் சொல்ல வேண்டும். அவர் சொன்ன அளவை யாரும் மறுத்து அளந்ததில்லை. அந்தப் பெருமை அவர் நடையிலேயே இருக்கும். ஆனால் வீடு ஓலை வீடு. மண்சுவர், மேலே தென்னங்கிடுகு. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அப்பா ஒரே பிடியாக நின்றார். கடையத்திலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் ஓலைக்குக் கீழே குனிந்து நுழையக்கூடாது. ஆகவே சாரல் தொடங்குவதற்கு நாலு நாள் முன்னால் ஓலை இறங்கியது. தகரம் ஏறியது.

எங்கள் தெருவில் அதுதான் முதல் தகர வீடு. வெயில் பட்டால் குளக்கரையிலிருந்து பார்த்தாலும் பளபளக்கும். வந்தவர்களிடமெல்லாம் அப்பா ஒரு கம்பால் அதைத் தட்டிக் காட்டுவார். அது 'ணங்' என்று பதில் சொல்லும். தகரமும் எங்களிடம் முதலில் நல்ல முகத்தைத்தான் காட்டியது. குற்றாலத்தில் விழும் சாரல் தென்காசிக்கும் கொஞ்சம் வரும் அல்லவா? அது தகரத்தில் விழும்போது வீட்டுக்குள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அப்பா அதையும் பெருமையாகக் கத்திச் சொல்வார். குளிரும் இறங்கியது. அதற்கு மாமா ஒரு கணப்புச் சட்டி கொண்டுவந்து கரி மூட்டி வைத்தார். ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் நிமிர்ந்தே நுழைந்தார்கள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. குற்றாலத்தில் ஒரு பெரிய பங்களாவுக்குக் காவல். சீசனுக்கு வருகிற துரைமார், செட்டிமார் குடும்பங்களுக்குக் குளித்து வந்ததும் வெந்நீர், குளிர்ந்தால் கணப்பு, வெயில் அடித்தால் வெட்டிவேர்த் தட்டி. எந்த அறைக்கு எப்போது எது வேண்டும் என்று பார்ப்பதுதான் அவர் வேலை. சீசன் முடிந்தால் பங்களாவில் அவரும் குரங்குகளும்தான்.

பங்குனியில் அக்காவை ஏழாம் மாதம் கூட்டிவந்தோம். அந்த மாதத்தில்தான் தகரம் தன் சுயரூபத்தைக் காட்டியது. காலையில் ஒன்பது மணிக்கே 'டப், டப்' என்று சத்தம் போட ஆரம்பிக்கும். மேலே பூனை நடக்கிறது என்று நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன். பூனை எங்கே நடக்கும்? கால் வெந்துவிடும். தகரம் சூட்டில் விரிகிற சத்தம் அது. மத்தியானம் வீட்டுக்குள் நின்றால் உச்சந்தலையில் யாரோ தோசைச் சட்டுவத்தைக் காய்ச்சி வைத்ததுபோல் இருக்கும். அப்பா மரக்கடைக்குப் போய்விடுவார். நாங்கள் மூவரும் உள்ளே வெந்துகொண்டிருப்போம். ஒரு வார்த்தை தகரத்தைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

சித்திரை பிறந்து ஒரு நாள் அக்கா அடுக்களை வாசலில் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பிவிட்டோம். ஆனால் சேதி கடையத்துக்குப் போய்விட்டது. தென்காசிக்குத் தேங்காய் கொண்டுவந்த யாரோ சொல்லியிருக்க வேண்டும். மறு புதன்கிழமையே அக்காவின் மாமியார் வந்து இறங்கினாள். நான் அவளை அத்தை என்பேன். கனத்த உடம்பு, காதில் கனத்த பாம்படம், நெற்றி நிறையக் குங்குமம். பேச்சு வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

ஒரு டம்ளர் காபி குடித்து முடிப்பதற்குள் அவள் குங்குமம் கரைந்து மூக்குத்தண்டில் இறங்கிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மதினி, எல்லாரும் அரிசியத்தான் வேக வைப்பாவ. நீங்க பிள்ளையவேல்லா வேக வைக்கிய."

அம்மா சன்னலை இன்னும் விரியத் திறந்தாள். "சாயங்காலம் ஆனா காத்து வந்துரும் மதினி" என்றாள்.

"பிள்ளை சாயங்காலமாப் பாத்துத்தான் பொறக்குமோ?"

அம்மா காலி டம்ளரை எடுத்தாள். அத்தையே பேசினாள். "எங்க வீட்டுல கனமான சுவரு, மேல மச்சு, அதுக்கு மேல ஓடு. சித்திரையில போர்வை கேக்கும். அடுத்த புதன்கிழமை வாறேன். வீடு இப்பிடியே இருந்தா இவளைக் கையோட கூட்டிட்டுப் போயிருவேன். என்னைக் குத்தம் சொல்லப்பிடாது."

தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு. எங்கள் பக்கத்தில் அது எழுதாத சட்டம். அதுவும் நிறைமாதத்துக்குக் கிட்ட வந்தவளை மாமியார் வந்து திரும்பக் கூட்டிப்போனால், பெற்றவளுக்கு வக்கில்லை என்று ஆகிவிடும். அம்மா அதற்கப்புறம் எந்த நல்லது கெட்டதுக்கும் தலை நிமிர்ந்து போக முடியாது. இதெல்லாம் அன்றைக்கு எட்டு வயதுக்காரியான எனக்கே தெரியும். தெரியாதது அக்கா சொன்னது. அன்று சாயங்காலம் அவள் காலை நான் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். வீங்கிய கால். "அங்க குளிர்ச்சிதான் இருக்கும்ல, போனா என்ன?" என்று கேட்டேன்.

"குளிர்ச்சிதாம்ட்டி" என்றாள் அக்கா. "ஆனா அங்கன நான் வலிக்குதுன்னு யாருகிட்டச் சொல்ல?"

மறுநாள் அம்மா மாமாவுக்குச் சொல்லி அனுப்பினாள். மாமா மத்தியானமாகப் பார்த்து வந்தார். வைத்தியர் நாடி பார்ப்பதுபோலக் கூடத்தின் நடுவில் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். கையைத் தூக்கி மேலே பிடித்தார், கீழே பிடித்தார். மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்து விரலை உதறினார். பிறகு சாமி படத்தடியிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தி, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். புகை நேராக மேலே போனது. தகரத்துக்குக் கீழே போய்ப் பரந்து, அங்கேயே படுத்துக்கொண்டது.

"பாத்தியாக்கா" என்றார் மாமா. "வெக்கையும் இப்பிடித்தான். மேல ஏறிட்டு, போக வழியில்லாம உங்க தலைமேல படுத்துக் கிடக்கு. பங்களாவுல மேல ஓடு, கீழ பலகை, ரெண்டுக்கும் நடுவுல காத்து. ரெண்டு பக்கமும் காத்துக்கு ஓட்டை. அந்தக் காத்துதான் அங்க குடை."

அப்பா சாயங்காலம் வந்ததும் பஞ்சாயத்து தொடங்கியது. இரண்டு பக்கமும் கூரை முட்டுகிற முக்கோணச் சுவரில் ஒவ்வொரு ஓட்டை போட வேண்டும் என்றார் மாமா. அப்பா மண்வெட்டியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சரி என்றார். தகரத்துக்கு மேலே கஞ்சி கலந்த சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்றார். அப்பாவுக்கு அது வலித்தது. பளபளப்பு போய்விடுமே. அதற்கும் சரி என்றார். கிடுகு என்று மாமா வாயெடுத்ததும் அப்பா எழுந்துவிட்டார்.

"கல்யாணத்துக்காக இறக்கின ஓலைய மறுபடியும் மேல ஏத்தணுமா மாப்ளே? நான் தெருவுல எவன் மூஞ்சில முழிக்க?"

"மேல ஏத்தாண்டாம் அத்தான்" என்றார் மாமா. "கீழ கட்டுவோம். தகரத்துக்கு ஒரு முழம் தள்ளி, உள்பக்கமா. தெருவுக்கு இது தகர வீடு. நமக்கு ஓலை வீடு."

அப்பா அதை வெகுநேரம் யோசித்தார். பிறகு, "கிடுகு கொண்டு வாரப்போ பின்வாசல் வழியாக் கொண்டு வா" என்றார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்த வேலை கல்யாணத்துக்கும் நடந்ததில்லை. மாமா கூரைச் சுவரில் ஓட்டை போட்டு, குருவி நுழையாமல் மூங்கில் தப்பையைக் குறுக்கே வைத்தார். அப்பா மரக்கடைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் கழியில் கிடுகைக் கட்டினார். கட்டும்போது முன்வாசலைச் சாத்திவைத்தார். சுண்ணாம்பு அடித்த அன்று மட்டும் மறைக்க முடியவில்லை. எதிர்வீட்டுக்காரர் வந்து நின்று, "என்ன அண்ணாச்சி, வீட்டுக்குத் தலைப்பா கட்டிட்டிய?" என்று கேட்டார். "தகரம் துரு ஏறாம இருக்கதுக்கு" என்றார் அப்பா, அளவு சொல்கிற அதே குரலில். அவரும் நம்பிப் போனார். அடுத்த வருஷம் அவர் தன் மாட்டுக்கொட்டகைத் தகரத்துக்கும் அடித்தார், துரு ஏறாமல் இருக்க.

மேற்குச் சன்னலுக்கு மாமா பங்களாவில் கழித்துப் போட்ட வெட்டிவேர்த் தட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். வேர் பாதி உதிர்ந்து கிடந்தது. அம்மாவும் நானும் புது வேர் வைத்துத் தைத்தோம். அதை நனைத்துக்கொண்டே இருப்பது என் வேலை. காய்ந்தால் அது வெறும் தட்டி, நனைந்தால்தான் மருந்து என்று மாமா சொல்லியிருந்தார். சொம்பு சொம்பாகக் கொண்டுவந்து தெளிப்பேன். அந்தப் பக்கத்து வெக்கைக் காற்று இந்தப் பக்கம் வாசமாக வரும். இந்த வீடு குளிர்வதே என் சொம்பால்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். இப்போதும் கொஞ்சம் அப்படித்தான் நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாமா மறுபடி ஊதுபத்தி கொளுத்தினார். புகை மேலே போய், கிடுகின் இடுக்கில் நுழைந்து காணாமல் போனது. வெளியே ஓடிப் பார்த்தேன். ஓட்டை வழியாக நூல்போல வெளியே வந்துகொண்டிருந்தது. நான் குதித்தேன். மாமா குதிக்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்று கையைத் தூக்கிப் பார்த்தார். அவர் முதுகில் வேர்வை வழிந்துகொண்டுதான் இருந்தது. சித்திரை வெயில் அல்லவா? உலைச்சூடு போய், அடுப்பை அணைத்த அடுக்களைச் சூடாக ஆகியிருந்தது. அவ்வளவுதான்.

"பாதி போயிட்டுக்கா" என்றார் அம்மாவிடம்.

"மீதிப் பாதிக்கு என்ன செய்ய?"

மாமா தாடையைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தார். "மீதிப் பாதிக்கு இவ போதும்" என்றார்.

பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். அத்தை நாளைக்கு முற்பகல் பஸ்ஸில் வருவாள். நீ போய்க் கூட்டிவா. கடைத்தெரு வழியாக வராதே. குளக்கரை வழியாகக் கூட்டிவா. நடுவில் எங்கேயும் நிற்கக்கூடாது.

"அது சுத்துல்லா மாமா?"

"சுத்துனா என்ன? அத்தைக்குக் குளத்தைக் காட்டு."

"குளத்துல தண்ணியே இல்லையே."

"வத்துன குளத்தையும் பாக்கணும்லா" என்றார் மாமா.

ஏன் என்று அவர் சொல்லவில்லை. பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் கேட்கும் வழக்கம் அப்போது இல்லை. வெயிலில் வெந்து வருகிறவளுக்கு எந்தக் கூரையும் குளிர்ச்சிதான் என்ற கணக்கு எனக்குப் புரியவும் இல்லை. அத்தை வரும்போது வீடு குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

புதன்கிழமை அத்தை ஒரு கூடை நிறைய முருங்கைக்காயும் கருப்பட்டியுமாக இறங்கினாள். நான் கூடையில் ஒரு கை கொடுத்தேன். குளக்கரைக்குத் திருப்பினேன். அந்தக் கரையில் அப்போது ஒரு பனை கூடக் கிடையாது. மேலே வெயில், கீழே பொடிமண். அத்தை செருப்புப் போடுகிறவள் இல்லை. அந்தக் காலத்தில் எந்தப் பெண்பிள்ளை போட்டாள்? எனக்குக் கால் காய்த்துப்போயிருந்தது. அவளுக்கோ வீட்டு நிழலில் நடந்த கால். கொஞ்ச தூரம் பொறுத்தாள். பிறகு குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். பிறகு நின்று, சேலைத் தலைப்பைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"ஏளா, கால் பொசுக்குது. வேற வழியே இல்லையா உங்க ஊர்ல?"

அந்தக் கனத்த அத்தை, அந்தப் பாம்படத்தோடு, தன் சேலைத் தலைப்பின்மேல் கோழிபோல நின்றது எனக்குப் பாவமாக இருந்தது. மாமா எங்கும் நிற்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். ஆனால் அத்தை இப்படி வெந்துபோய் வீட்டுக்கு வந்தால் வீடும் வெக்கையாகத்தானே தெரியும் என்று எனக்குத் தோன்றியது. நன்றாகக் குளிர்ந்துபோய் வந்தால் வீடும் குளிர்ச்சியாகத் தெரியும். தென்காசியில் எந்த இடம் குளிர்ச்சி என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

கரையிலிருந்து இறக்கி, குறுக்குச் சந்தில் அவளைக் கோவில் வாசலுக்குக் கூட்டிப்போனேன்.

எங்கள் கோவில் வாசல் காற்றை அறியாதவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். அப்போது கோபுரம் இடிந்து மொட்டையாக நின்ற காலம். கோபுரம் மொட்டையானால் என்ன, காற்று மொட்டையாகவில்லை. ஊரெல்லாம் இலை அசையாமல் நிற்கும்போதும் அந்த வாசலுக்குள் கால் வைத்தால் எதிரே ஆள் நின்று தள்ளுவதுபோலத் தள்ளும். அத்தை படியேறியதும் சேலை பின்னால் படபடவென்று அடித்தது. "முருகா" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். "உங்க அம்மா என்ன செய்யுதா?" என்று கேட்டாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டை போட்டது, ஊதுபத்திப் புகை, பின்வாசல் வழியாக ஓலை வந்தது, துருவுக்கு என்று அப்பா சொன்னது, என் சொம்பு, எல்லாம். எங்கள் வீட்டுப் பெருமையைச் சொல்வதாகத்தான் நினைப்பு. பாதி போய்விட்டது, மீதிப் பாதிக்கு நான் போதும் என்று மாமா சொன்னதையும் சொன்னேன்.

"மாமாதான் குளக்கரை வழியாக் கூட்டியாரச் சொன்னாவ. எங்கயும் நிக்கக் கூடாதுன்னாவ. நான்தான் உங்களுக்குக் கால் சுடுதேன்னு இங்கன கூட்டியாந்தேன். சொல்லீராதிய."

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அந்த உடம்பு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. பாம்படம் இரண்டும் ஆடின. "உங்க மாமன் கெட்டிக்காரன்ளா" என்றாள். "ஆனா அனுப்புன ஆள்தான் சரியில்ல." எனக்கு அதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

சிரித்து முடித்துவிட்டு, "அது சரி, ராத்திரி உங்க அக்கா தூங்குதாளா?" என்று கேட்டாள்.

"நல்லாத் தூங்குவா. அம்மா விசிறுவாள்லா."

"ராத்திரி பூராவுமா?"

"ஆமா. அம்மாக்குக் கை வலிச்சா அப்பா. மத்தியானம் அம்மா சோறு வடிக்கையில நான். முந்தாநாள் அம்மா விசிறிட்டே தூங்கிட்டா, கை மட்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சு."

காற்று அத்தையின் தலைமுடியைப் பிரித்துப் போட்டது. அவள் அதை ஒதுக்கவில்லை.

"எனக்கு மூணு பிள்ளை" என்றாள், என்னிடம் சொல்வதுபோலவும் இல்லாமல். "எங்கம்மா வீடு ஓலை வீடு. அந்தக் குச்சு வீட்டுல போயா பெறணும்னு மாமியா வீட்டுல அனுப்பல. மூணும் அந்த மச்சு வீட்டுலதான். நல்ல குளிர்ச்சி. விசிறின்னு ஒண்ணு அந்த வீட்டுல வாங்கினதே இல்ல."

பிறகு கையை ஊன்றி எழுந்தாள். "வா, போவோம். இனிமே கிட்டத்து வழியாக் கூட்டிட்டுப் போ."

வீட்டு வாசலில் அம்மா காலுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றாள். மாமா அவளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். அத்தையின் முகம் அலம்பித் துடைத்த செம்புபோல இருந்தது. ஒரு துளி வேர்வை இல்லை. குங்குமம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. மாமா என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் வேலையை முடித்துவிட்டவளாக அவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

அத்தை உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்பா அன்று மரக்கடைக்குப் போகவில்லை. தூணோடு தூணாக நின்றார். மேலே தகரம் 'டப்' என்றது. யாரும் மேலே பார்க்கவில்லை. நான் ஓடிப்போய்த் தட்டிக்குத் தண்ணீர் தெளித்தேன். மாமா ஊதுபத்தியை எடுத்தார். இரண்டு தீக்குச்சி அணைந்து மூன்றாவதுதான் பிடித்தது. புகை போகிற பாதையை அவர் விளக்க ஆரம்பித்தார். அத்தை புகையைப் பார்க்கவில்லை.

அவள் மேலுதட்டில் முதல் துளி வந்தது. பிறகு நெற்றியில். குங்குமம் மெல்லக் கசிந்து இறங்க ஆரம்பித்தது. அம்மா அதைப் பார்த்தாள். பனையோலை விசிறியை எடுத்து அத்தைக்கு விசிறினாள். விசிறுகிற வேகத்திலேயே அவள் பயம் தெரிந்தது. சம்பந்தியம்மாள் வந்தால் பெண் வீட்டுக்காரி நின்று விசிறுவது முறைதான். ஆனால் அன்று அம்மாவின் கை முறைக்கு விசிறவில்லை.

"இங்கன கொண்டாங்க மதினி" என்று அத்தை கையை நீட்டி விசிறியை வாங்கினாள்.

போச்சு என்று நினைத்தேன். வெக்கை தாங்காமல் தானே விசிறிக்கொள்ளப் போகிறாள். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கை வயிற்றின்மேல் இருந்தது.

அத்தை அம்மாவின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிறகு அம்மாவுக்கு விசிறினாள். நாலு வீச்சு. அப்புறம் அக்கா பக்கம் நாலு வீச்சு. அப்புறம் மறுபடி அம்மாவுக்கு. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் அம்மாவுக்கு விசிறி எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். அத்தை விடவில்லை. வேர்வை அவள் காதோரமாக இறங்கிப் பாம்படத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"குளிர்ச்சியாத்தான் இருக்கு வீடு" என்றாள்.

அப்பா தூணிலிருந்து அசைந்தார். மாமா ஊதுபத்தியை அணைத்தார். அக்கா முகத்தைத் திருப்பிச் சுவரில் வைத்துக்கொண்டாள்.

"இங்கனயே இருந்து பெறட்டும். ஆள் அனுப்புங்க, நான் பிள்ளையப் பாக்க வாறேன்" என்று சொல்லி, இலைக்கு முன்னால் உட்கார்ந்து முருங்கைக்காய்க் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மாமா கூடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அத்தை வாசலில் நின்று அவரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நிழல் உள்ள வழியாக் கூட்டிட்டுப் போங்க. குளத்தைத்தான் பாத்தாச்சுல்லா."

மாமாவின் கழுத்து பின்பக்கம்கூடச் சிவந்ததை நான் பார்த்தேன்.

ஆனி பிறந்து முதல் சாரலில் அக்காவுக்குப் பெண் பிறந்தது. தகரத்தில் மழை அடித்த அடியில் பிள்ளை அழுத சத்தம் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு மட்டும்தான் கேட்டது. அத்தை வந்தபோது கருப்பட்டியோடு இரண்டு விசிறி வாங்கி வந்தாள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்பக் கடையத்துக்கே கொண்டுபோனாள். அதற்கப்புறம் மாமாவின் கைவேலையைப் பார்த்து நாலைந்து வீடுகளில் தகரத்துக்குக் கீழே கிடுகு ஏறியது. எல்லாம் பின்வாசல் வழியாக. எங்கள் வீட்டில் பேச்சு வரும்போதெல்லாம் ஓலைதான் ஜெயித்தது என்பார் அப்பா. காற்று ஓட்டைதான் என்பார் மாமா. நான் என் சொம்பைச் சொல்வேன்.

அதெல்லாம் பிறகு. நான் சொல்ல வந்தது அந்தப் புதன்கிழமை சாயங்காலம். வெயில் இறங்கி, தகரம் சுருங்குகிற சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா மட்டும் அத்தை உட்கார்ந்திருந்த பாயிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அத்தைக்கு அப்பிடி வேர்த்து ஊத்துச்சே. பிறவு ஏன் குளிர்ச்சின்னு சொன்னாவ?" என்று கேட்டேன்.

அம்மா மடியில் இருந்த விசிறியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத் தையல் விட்டுப்போயிருக்கிறது போலும் என்று நினைத்து, நான் ஊசியும் நூலும் தேடப் போனேன்.